சிஞ்ஞோராவின் மரண அறிவித்தல்

இத்தாலியின் பலேர்மோவில் ஒருவர் இறந்தால் அவருடைய வீட்டுக்குப் பக்கத்துச் சுவரில் கறுப்புக் கரை போட்ட காகிதம் ஒன்றை ஒட்டுவார்கள். பெயர், வயது, எந்தக் கோவிலில் பூசை என்ற விபரம், மேலே ஒரு சிலுவை. எங்கள் ஊரில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டுவதைப் போலத்தான். வேலைக்குப் போகும் வழியில் அவற்றை வாசிப்பது எனக்குப் பழக்கம். தெரியாத ஆட்கள் என்றாலும் மனதுக்குள் ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போவேன்.

பொலிதேயாமா நாடகசாலைக்குப் பின்னால் உள்ள தெருவொன்றில் நான் வேலை செய்த கட்டடத்தின் வாசலில் ஒரு தை மாதக் காலை அப்படியொன்று ஒட்டியிருந்தது. பைக்குள் திறப்பைத் தேடிக்கொண்டே வாசித்தேன். அதிலிருந்த பெயர், அந்நேரம் மேல்மாடியில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கக் கூடிய மனிசியின் பெயர். பிறந்த ஆண்டுக்குப் பிறகு ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை, வெறும் இடம். பக்கத்தில் போட்டிருந்த படத்தில் இருந்தவ இளம்பெண். ஆனால் அந்தக் கண்ணும் தாடையும் அவருடையவை.

அவர் வந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருக்கும். அந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு வக்கீலின் விதவை. நான் வருடக்கணக்காக அவருக்கு வேலை செய்கிறேன். "பின்லாந்திலிருந்து ஒரு அம்மா வருகிறா. குளிர்காலம் முடியுமட்டும் இருப்பா. பெரிய அரசியல்வாதியாம், இடதுசாரியாம்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கடைசிச் சொல்லுக்கு முகத்தைச் சுளித்தார். நான் பட்டுச் சேலை கட்டினாற் போல மினுங்குகிற ஒருவரை எதிர்பார்த்தேன். வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனிசி. கட்டையாக வெட்டிய நரைமயிர், ஆண்கள் போடுகிற மாதிரிச் சப்பாத்து. தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். நான் அவரை இங்கத்தைய மரியாதைப்படி சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்று கூப்பிட்டேன். வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு வாய் வரவில்லை. சிஞ்ஞோரா என்றே இருந்துவிட்டது.

எங்கள் இருவருக்கும் இத்தாலியன் இரவல் மொழி. உடைந்த வசனங்களில்தான் கதைத்தோம். அவர் சொன்னவற்றை இங்கே என் பேச்சில் எழுதுகிறேன்.

மத்தியானம் அவர் தனியே சாப்பிட மாட்டார். "நீங்கள் நிண்டுகொண்டு பாக்க எனக்குச் சாப்பாடு இறங்காது. இருங்கோ" என்பார். அப்படி மேசையில் இருந்துதான் அவருடைய கதை எனக்குத் தெரிய வந்தது. வடக்கே காட்டுக்கு நடுவில் ஒரு சின்னப் பட்டினம். அங்குள்ள ஆஸ்பத்திரியில், பிள்ளைப்பேற்று விடுதியில், தாதியாக வேலை செய்தவர். ஒரு வேலைநிறுத்தத்தில் மேசைமேல் ஏறி நின்று கதைத்தார். அடுத்த தேர்தலில் தொழிற்சங்கக்காரர் அவரை நகரசபைக்கு நிறுத்தினார்கள். அங்கிருந்து பாராளுமன்றம். பிறகு ஒரு கூட்டரசாங்கத்தில் கொஞ்சக் காலம் அமைச்சர். அகதிகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கதைத்ததால் பாதி நாட்டுக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. போன தேர்தலில் நிற்கவில்லை. இனி நிற்பதா விடுவதா என்று யோசிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"யோசிக்கிறதுக்கு அங்கை இடம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"அங்கை கடையிலை பால் வாங்கப் போனாலும் ஆரோ ஒராள் என்னைப் பாத்துக்கொண்டு நிற்பார்" என்றார்.

அன்று நகரத்தின் ஓரத்தில், பிரான்காச்சோவில், எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்த பிறகு கணவர் போனில் சிஞ்ஞோராவின் பெயரைப் போட்டுத் தேடினார். கணவர் சியாகுல்லியில் மந்தரின் தோடம்பழத் தோட்டங்களில் வேலை செய்பவர். களைத்து வந்தால் போனைத் தொடாமலே படுத்துவிடுவார். அன்று நெடுநேரம் பார்த்தார். மொழிபெயர்த்து வந்த தமிழ் தாறுமாறாக இருந்தது. ஆனால் படங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஒரு படத்தில் அவருடைய முகத்தைச் சுவரில் பெரிதாக வரைந்து பூ வைத்திருந்தார்கள். அடுத்த படத்தில் அதே முகத்துக்குக் கழுத்தில் கயிறு.

"இஞ்சை பார். ஒரே மனிசியை ரெண்டு பேராக்கிப்போட்டாங்கள்" என்றார் கணவர். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அந்த வீட்டிலை வேலை வேண்டாமெண்டு விட்டால் என்ன?" என்று கேட்டார்.

அடுத்த நாளும் நான் வேலைக்குப் போனேன்.

பச்சைக் கோட்டுக்காரரை நான் முதலில் கண்டது அதற்குப் பிந்திய கிழமை. எங்கள் வாசலுக்கு நேரெதிரே, இங்கே பார் என்று சொல்லுகிற கோப்பிக்கடை ஒன்று இருக்கிறது. வெளியே போட்ட மேசையில் அவர் இருப்பார். எழுபது தாண்டிய, வெள்ளைத் தலை, நல்ல உயரமான மனிதர். கொழுவிய பச்சைக் கோட்டைக் கழற்றவே மாட்டார். பேப்பர் படிக்க மாட்டார், போன் பார்க்க மாட்டார். ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். குளிரிடத்து ஆட்கள் வெயிலுக்கு வருவது இங்கே புதினமில்லை. ஆனால் அவர் இருந்தது எப்போதும் நிழலில்.

ஒருநாள் நான் தண்ணீர்ப் போத்தல் கட்டைத் தூக்கிக்கொண்டு வர, எழும்பி வந்து மற்றக் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார். நல்ல மரியாதையான மனிதர். வாசல்வரை கொண்டுவந்து தந்துவிட்டு, அரைகுறை இத்தாலியனில் எந்த மாடி என்று கேட்டார். மெதுவாக, சிரித்த முகத்தோடு.

"நானே கொண்டு போவன்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டேன். ஒருவர் எங்கே படுத்தெழும்புகிறார் என்று இன்னொருவர் கேட்டால் பதில் சொல்லாத ஊரிலிருந்து வந்தவள் நான். உள்ளே போய்க் கதவைச் சாத்தின பிறகும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பச்சை நிறம் கொஞ்ச நேரம் நின்றது.

இனி அந்தத் தை மாதக் காலைக்கு வருகிறேன்.

காகிதத்தைக் கிழித்தெறிய நினைத்து நகத்தை வைத்தேன். வரவில்லை. எங்கேயும் காற்றுக் குமிழ் இல்லாமல், ஓரமெல்லாம் அழுத்தித் தேய்த்து, அவ்வளவு துப்புரவாக ஒட்டியிருந்தது. கட்டடத்தைக் காவல் பார்க்கிற கிழவர் எட்டிப் பார்த்து, "பொடியங்களின் பகிடி" என்றார். நான் உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து, ஊறவைத்து, முழுதாக உரித்தெடுத்தேன்.

படியேறும்போது மன்னாரில் இருக்கிற என் அக்காவை நினைத்தேன். சண்டை முடிந்து சில வருடத்தில் பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஆட்கள் கேட்க, ஓமென்றவ. ஒரு பின்னேரம் இரண்டு பேர் வந்து, தேத்தண்ணி வாங்கிக் குடித்து, பிள்ளைகள் எந்த வகுப்பென்று விசாரித்து, பள்ளிக்கூடம் போகும் பாதை வெறிச்சோடியிருப்பதாகக் கவலைப்பட்டுவிட்டுப் போனார்கள். அக்கா விலகிவிட்டா. பிறகுதான் தெரிந்தது, அந்த ஆட்கள் அவவைப் பற்றித் தெருவில் விசாரித்துத் திரிந்தது ஊரில் பலருக்கு முதலே தெரியும் என்று. "வெருட்டினது கூட எனக்குப் பெரிசில்லை. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க எனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததுதான் இண்டைக்கும் எரியுது" என்று அக்கா சொல்லுவா.

அதனால் ஈரம் சொட்டச் சொட்ட அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் சிஞ்ஞோராவின் மேசையில் விரித்தேன்.

வெருட்டல்களைக் கண்டு அவர் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். போனில் வருகிற கெட்ட வார்த்தைகளை, எழுத்துப்பிழை பார்த்துத் திருத்துகிற வாத்தியார் மாதிரி வாசித்துவிட்டு அழிப்பார். இதற்குச் சிரிக்கவில்லை. படத்தின்மேல் விரலை வைத்தபடி இருந்தார்.

"இந்தப் படம் பேப்பரிலை வந்ததில்லை" என்றார். "நான் முதன்முதல் நிண்ட தேர்தலிலை எங்கடை ஆக்கள் ஒரு வீட்டுக் குசினியிலை வைச்சு அடிச்ச நோட்டீசிலை இருந்த படம். அதை வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் என்ரை ஆக்கள்."

"அப்ப நல்லதுதானே?" என்றேன் விளங்காமல்.

"இல்லை. எதிரியெண்டால் என்ன செய்வான் எண்டு எனக்குத் தெரியும்."

வாசலில் யாரையாவது கண்டீர்களா என்று கேட்டார். பச்சைக் கோட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். எழும்பி பல்கணிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கீழே அந்த மனிதர் இருந்த இடத்திலேயே இருந்தார். தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார். அயலட்டை ஆட்களுக்குக் காட்டுகிற மாதிரிக் கையை உயர்த்திக் காட்டினார்.

சிஞ்ஞோரா உள்ளே வந்து கோட்டை எடுத்துப் போட்டார்.

"போகாதேங்கோ. பொலிசுக்கு எடுப்பம்" என்று கையைப் பிடித்தேன். அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அவரை எனக்குத் தெரியும். நீங்கள் இஞ்சை நில்லுங்கோ."

நான் நிற்கவில்லை. பின்னாலே இறங்கி, பாருக்குள் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கோப்பி போடுகிற பெடியனிடம் அந்த மேசையைக் காட்டி, கவனமாகப் பாரும் என்றேன். சிஞ்ஞோரா பச்சைக் கோட்டுக்காரருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அந்த மனிதர் கையைக் கோட்டின் உட்பையில் விட்டார். நான் கதவுக் கைபிடியைப் பிடித்தேன். அவர் எடுத்தது ஒரு மூக்குக்கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு சிஞ்ஞோராவின் முகத்தை வடிவாகப் பார்த்தார். பிறகு கதைக்கத் தொடங்கினார்.

அவர்களுடைய மொழியில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. குரலை உயர்த்தாமல், தேதிகளை வரிசையாக வாசிப்பது போலக் கதைத்தார். சிஞ்ஞோரா இடையில் ஒருதரம் வாயைத் திறந்தார். அவர் விரலை உயர்த்தினார். சிஞ்ஞோரா வாயை மூடினார். தெருவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வருகிற தாய்மார் போனார்கள். ஒரு மோட்டார் சைக்கிள்காரன் சத்தமாகப் பாடிக்கொண்டு போனான். அந்த மேசையைச் சுற்றி மட்டும் வேறு காலநிலை.

மேலே வந்ததும் சிஞ்ஞோரா கோட்டைக் கழற்றாமலே மேசையடியில் இருந்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னார்.

பச்சைக் கோட்டுக்காரர் சிஞ்ஞோராவின் பட்டினத்தில் அம்புலன்ஸ் சாரதி. முதல் தேர்தலில் சிஞ்ஞோராவின் போஸ்டர்களைப் பனியில் நின்று ஒட்டியவர். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே சங்கம். பிறகு சிஞ்ஞோரா அமைச்சரானார். சின்ன ஊர்களில் இருந்த பிள்ளைப்பேற்று விடுதிகளை மூடும் முடிவு வந்தது. கூட்டரசாங்கம் உடையக்கூடாது என்று கட்சி சொல்ல, அவரும் கையெழுத்து வைத்தார். மூடிய விடுதிகளில் ஒன்று அவர் தாதியாக இருந்தது. அடுத்த மாரிக்குளிரில் அந்தச் சாரதியின் மகளுக்குப் பிள்ளைப்பேற்று நோக்காடு எடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பனிப்பாதையில் தகப்பனே கொண்டுபோனார். பிள்ளை வழியிலேயே பிறந்து, வழியிலேயே போய்விட்டது.

"தன்ரை பேரன் ஆற்றை கையிலை பிறந்திருக்க வேணும் எண்டு கேட்டார். நான் வேலை செய்த விடுதியிலை, நான் பழக்கின பிள்ளையளின்ரை கையிலை பிறந்திருக்க வேணும். அதைத்தான் சொன்னன்."

"அந்த நோட்டீஸ்?"

"அது வெருட்டல் இல்லையாம். நான் அண்டைக்கே செத்துப்போனேனாம். அறிவிக்க ஆளில்லாமல் கிடந்ததாம்."

சந்தையில் ஒரு பின்லாந்து உல்லாசப்பயணி சிஞ்ஞோராவைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் இந்த மனிதர் விமானமேறி வந்திருக்கிறார்.

"என்ன செய்ய வந்தனீங்கள் எண்டு கேட்டன்" என்றார் சிஞ்ஞோரா. "இன்னும் முடிவெடுக்கேல்லை எண்டார்."

அன்று பின்னேரம் நானே சிஞ்ஞோராவைப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்று நின்று எனக்கு அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கதவும் பாடம். வெருட்டினாரா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றார் சிஞ்ஞோரா. கை வைத்தாரா? இல்லை. பின்தொடர்கிறாரா? பாரில் இருக்கிறார். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, ஏதாவது நடந்தால் வாருங்கள் என்றார். ஏதாவது நடந்தால் யார் வருவது என்று எனக்குக் கேட்க வாய் உன்னியது.

பச்சைக் கோட்டுக்காரர் தொடர்ந்து பாரில் இருந்தார். மழை வந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. சிஞ்ஞோரா வெளியில் போவதைக் குறைத்தார். பல்கணிக் கதவைப் பூட்டி வைத்தோம். நான் காலையில் வரும்போது, அந்த மனிதர் எனக்குத் தலையாட்டுவார். நான் ஆட்ட மாட்டேன். ஆனால் ஒருநாள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டேன். வெறுப்பை எதிர்பார்த்த எனக்கு, நித்திரையில்லாத ஒரு கிழவரின் முகம்தான் தெரிந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. வெறுக்கிற மனிதனுக்கு வீட்டுக்குப் போக ஒரு நேரம் வரும். இவருக்கு எங்கும் போக இடமில்லை.

இதற்கிடையில் பிரான்காச்சோவில் எங்கள் கோவிலின் பங்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் இருந்தது. வீடுகளில் வயோதிபரைப் பராமரிக்கிற பெண்களுக்காக ஒரு கன்னியாஸ்திரி ஒழுங்கு செய்தது. சிஞ்ஞோரா வந்து கதைப்பதாகப் பல நாளுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நோட்டீஸ் கதவெல்லாம் ஒட்டியாயிற்று. வரவேண்டாம் என்று கெஞ்சினேன்.

"நான் வராட்டி எனக்காக அவர் முடிவெடுத்ததாகிப் போகும்" என்றார்.

கணவர் தோட்டத்தில் கூட வேலை செய்கிற இரண்டு பேரைக் கூட்டிவந்து கதவடியில் நின்றார். மண்டபம் நிறைய எங்கள் பெண்கள், கொஞ்சம் கானாக்காரர், கொஞ்சம் பலேர்மோக்காரர். கூட்டம் தொடங்கப் போகிற நேரம் பச்சைக் கோட்டு உள்ளே வந்தது. கணவர் என்னைப் பார்த்தார். நான் சிஞ்ஞோராவைப் பார்த்தேன். விடுங்கள் என்று தலையசைத்தார். பச்சைக் கோட்டுக்காரர் போய்க் கடைசி வரிசையில் இருந்தார். கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள்.

சிஞ்ஞோரா எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்து வைத்தார். உடைந்த இத்தாலியனில், தான் ஒரு தாதி என்று தொடங்கினார். தொழிலாளர் பக்கம் நிற்பதாகச் சொல்லி வாக்குக் கேட்டதை, வென்றதை, தன் படம் சுவர்களில் ஏறியதைச் சொன்னார். பிறகு விடுதி மூடியதைச் சொன்னார். "பாதை பாதுகாப்பெண்டு எனக்குக் காகிதத்திலை காட்டினவை. அந்தப் பாதையிலை நான் எத்தினையோ மாரியிலை போய் வந்தனான். காகிதம் பொய்யெண்டு எனக்குத் தெரியும். கையெழுத்து வைச்சன்."

முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்படியொரு பேச்சைக் கேட்க அவர்கள் வரவில்லை.

பிறகு அவர் பின்லாந்து மொழிக்கு மாறினார். அந்த மண்டபத்தில் ஒரேயொரு ஆளுக்கு மட்டும் விளங்குகிற மொழி. கொஞ்ச நேரந்தான். நடுவில் ஒரு பெயர் வந்தது. அது அந்தச் சாரதியின் மகளுடைய பெயராம், பிறகு சிஞ்ஞோரா சொன்னார். ஒரு குழந்தை அழத் தொடங்க, தாய் வாயைப் பொத்தினாள்.

கடைசி வரிசையில் அந்தச் சாரதி எழும்பினார். கணவர் ஓரடி முன்னால் வைத்தார். சாரதி பையிலிருந்து கையை எடுத்தார். கையில் கம்பளித் தொப்பி. அதைத் தலையில் போட்டு, காதுவரை இழுத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போனார். கைதட்டலா, திட்டா, ஒன்றுமில்லை. மறுநாள் பாரில் அந்த மேசை வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. மன்னித்தாரா, களைத்துவிட்டாரா, முடிவெடுத்தாரா, எங்களில் யாருக்கும் தெரியாது.

மேசை நிறைந்திருந்தபோது இருந்ததைவிட வெறுமையாக இருந்தபோதுதான் எனக்கு அதிகம் பயம். இருக்கிற ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

சிஞ்ஞோரா அந்தக் கிழமையே திரும்பிப் போனார். பாராளுமன்றத் தேர்தலில் நின்றார். தலைநகரில் பாதுகாப்பான இடம் தருவதாகக் கட்சி சொன்னதாம். வேண்டாமென்று தன் பட்டினத்தில் கேட்டு நின்றார். பங்கு மண்டபத்தில் அவர் கதைத்ததை யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். அது அங்கே போய்ச் சேர்ந்தது. கொலைகாரி தன் வாயால் ஒப்புக்கொண்டாள் என்று எதிர்த்தரப்பு போட்டது. கட்சியைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று சொந்தத் தரப்பு எழுதியது. நானும் கணவரும் போனில் அந்தத் தாறுமாறான தமிழில் வாசித்தோம். தோற்றுப்போனார். வாக்கு எண்ணி முடிந்து சில நாளில், ஏரிக்கரையில் இருந்த அவருடைய மரக்குடில் எரிந்தது. ஆள் உள்ளே இல்லை. யார் தீ வைத்தது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

"அவரோ?" என்று போனில் கேட்டேன்.

"தெரியாது. என்னிலை கோவமான ஆக்கள் கனபேர் இருக்கினம். அவர் எண்டு நினைக்க எனக்கு விருப்பமில்லை."

இப்போது சிஞ்ஞோரா தான் தொடங்கின இடத்திலேயே இருக்கிறார். பிறகு வந்த நகரசபைத் தேர்தலில் வென்று, அங்கே ஒரு உறுப்பினர். அந்த விடுதியைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பிக் கதைக்கிறார். இன்னும் திறக்கவில்லை. கூட்டத்துக்கு அவரோடு ஒரு பொலிஸ்காரரையும் அனுப்புகிறார்களாம். "என்ரை பேச்சைக் கடைசிவரைக்கும் இருந்து கேக்கிற ஒரே ஆள்" என்று சிரித்தார்.

போன மாதம் கதைத்துக்கொண்டிருக்கும்போது, "இப்பவும் பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்கு. காலமை கதவைத் திறக்கேக்குள்ளை இருக்கு. பிறகு பஸ்ஸைப் பிடிக்க வேணும்."

பனியில் நடந்துகொண்டுதான் கதைத்தார். சப்பாத்துச் சத்தம் கேட்டது. திடீரென்று நின்றது. "ஆரோ பின்னாலை வாறினம். பிறகு எடுக்கிறன்" என்றார். தொடர்பு அறுந்தது.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினேன். எடுத்துப் பார்த்தேன், போன் நிறுத்தி வைத்திருந்தது. அடுத்த நாள் மத்தியானந்தான் அவரே எடுத்தார். போனில் சார்ஜ் போய்விட்டதாம். பின்னால் வந்தது ஒரு வயது போன அம்மாவாம். காலில் புண்ணாம், ஆஸ்பத்திரி தூரமாம், நகரசபையில் அதைச் சொல்லச் சொல்லி அவ்வளவு தூரம் பனியில் கலைத்துக்கொண்டு வந்திருக்கிறா.

"சொன்னனீங்களோ?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் கூட்டம்" என்றார்.